வீட்டின் நாடி பார்த்தவர்கள்

ஒரே அச்சில் வார்த்தெடுத்தாற்போன்ற இரண்டு வீடுகள். இரண்டையும் கட்டியவர் ஒருவரே. அளவும் ஒன்று, சன்னல்களும் ஒன்று, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு உலையும் ஒரே வகை. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சுவர்தான். ஆயினும் குளிர்காலம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது, ஒரு வீட்டார் எரித்த எரிவாயுவைப்போல் இரண்டு மடங்கை அடுத்த வீட்டார் எரித்திருக்கின்றனர். இஃது எவ்வாறு நேர்ந்தது?

வீட்டு எரிசக்தித் தணிக்கை என்னும் தொழில் வளர்ந்ததற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம் எனலாம். கடையின் வரவு செலவைத் தணிக்கையாளர் சரிபார்ப்பது நாம் அறிந்ததே. அதுபோல, ஒரு வீட்டுக்குள் வரும் மின்சாரமும் எரிவாயுவும் எங்கெங்கே செலவாகின்றன, எங்கே வீணாகின்றன, எதைச் சரிசெய்தால் மாதக் கட்டணம் குறையும் என்று வீட்டுக்கே வந்து ஆராய்ந்து சொல்வதுதான் எரிசக்தித் தணிக்கை. இன்று பல நாடுகளில் இது வாடிக்கையான வேலையாகிவிட்டது. இது உருவான வரலாற்றையும், உருவானபின் இது பட்ட பாட்டையும் இவ்வுரையில் காண்போம்.

கதை நடந்த இடம் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம். அங்கே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற்கு அதிகத் தொலைவில் இல்லாத ஈஸ்ட் வின்ட்சர் என்னும் ஊரில் டுவின் ரிவர்ஸ் என்றொரு புதிய குடியிருப்பு எழுந்தது. ஏறத்தாழ 3,000 வீடுகள். அவற்றுள் பல, நம் ஊர்த் தெரசு வீடுகளைப்போல் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் வரிசை வீடுகள். வீட்டைச் சூடாக்க எரிவாயு, கோடையில் குளிரூட்ட மின்சாரம் என்பது அங்குள்ள வழக்கம். 1972ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் இந்த வீடுகளை ஆராயத் தொடங்கினர். அதற்குத் தலைமை ஏற்றவர்களுள் ஒருவர் ராபர்ட் சோகொலோ. அணுவினும் நுண்ணிய துகள்களைப் பற்றிய இயற்பியலைக் கற்றுத் தேர்ந்தவர் அவர். அவருக்குத் துணைநின்ற டேவிட் ஹார்ஜியோ ராக்கெட்டில் எரிபொருள் எரியும் முறையை ஆராய்ந்த பொறியாளர். விண்ணில் பாயும் ராக்கெட்டை ஆராய்ந்தவர், நிலவறையில் உறுமிக்கொண்டிருக்கும் வீட்டு உலையை ஆராய வந்தார்! இதனை இறக்கம் என்று நாம் கருதுவதற்கில்லை. கோடிக்கணக்கான வீடுகளில் நாள்தோறும் எரிவது எதுவோ, அதனைப் பற்றி அறிவியல் உலகம் அதுவரை அதிகம் கவலைப்பட்டதில்லை.

அவர்கள் தொடங்கிய வேளையும் நல்ல வேளையாக அமைந்தது. மறு ஆண்டு, 1973 அக்டோபரில், அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 3 அமெரிக்க வெள்ளியாக இருந்த எண்ணெய், 1974ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 12 வெள்ளியை எட்டியது. பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் நின்ற காட்சியைப் பலரும் நினைவிற் கொண்டுள்ளனர். ஆனால் அதனினும் நீண்ட காலம் வாட்டியது வீட்டுக் கட்டணம். பெட்ரோல் இல்லையென்றால் காரை நிறுத்திவிட்டு நடக்கலாம். பனி கொட்டும் இரவில் குழந்தைகள் உறங்கும் வீட்டின் உலையை நிறுத்த முடியுமா?

டுவின் ரிவர்ஸ் ஆய்வாளர்கள் முதலில் செய்தது மிக எளிய வேலை. எரிவாயு நிறுவனத்தின் பழைய மீட்டர்க் கணக்குகளை வாங்கி, வீட்டுக்கு வீடு ஒப்பிட்டுப் பார்த்தனர். அப்போதுதான் நாம் முதலில் சொன்ன வியப்பு வெளிப்பட்டது. ஒரேவகை வீடுகளுக்கிடையே செலவு இரண்டு மடங்கு, சில வேளை மூன்று மடங்குகூட வேறுபட்டது. குறை வீட்டிலா, வீட்டில் வாழ்பவரிடமா? இதைப் பிரித்தறிய ஓர் அழகான வழியை அவர்கள் கண்டனர். சில வீடுகளில் குடும்பம் மாறியது. பழையவர் விற்றுவிட்டுப் போகப் புதியவர் குடிவந்தார். வேறு சில வீடுகளில் அதே குடும்பம் தொடர்ந்து வாழ்ந்தது. ஆண்டுகள் சில கழித்துப் பார்த்தபோது, குடும்பம் மாறாத வீட்டில் செலவு பெரும்பாலும் பழைய நிலையிலேயே இருந்தது; மிகுதியாகச் செலவழித்த வீடு மிகுதியாகவே செலவழித்தது. குடும்பம் மாறிய வீட்டிலோ செலவும் தலைகீழாக மாறக் கண்டனர். ஆக, வேறுபாட்டின் பெரும்பங்கு செங்கல்லில் இல்லை. குடியிருந்தவர்களின் பழக்கத்தில் இருந்தது. யார் எந்த அறையைச் சூடாக்கினார்கள், இரவில் உலையைத் தணித்தார்களா, சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டே உலையையும் எரியவிட்டார்களா என்பன போன்ற சின்னஞ்சிறு செய்திகளே ஒரு குளிர்காலத்தின் முடிவில் இருமடங்குக் கட்டணமாய் வந்து நின்றன.

அப்படியானால் வீட்டில் குறையே இல்லையா? இருந்தது. அதைக் கண்ட விதந்தான் இந்த வரலாற்றிலேயே சுவையான பகுதி.

குளிர் நாட்டு வீடுகளில் கூரைக்கும் மேல்மாடியின் உட்கூரைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் விடுவார்கள். அதனை மச்சு என்று சொல்வோம். வீட்டின் சூடு மேலே ஏறிப் போய்விடாமல் இருக்க மச்சின் தரையில் கண்ணாடி நாரால் ஆன பஞ்சை மெத்தைபோல் விரிப்பது வழக்கம். டுவின் ரிவர்ஸ் வீடுகளிலும் அது இருந்தது. அந்தப் பஞ்சின் தடிமனைக் கொண்டு, மச்சு வழியே இவ்வளவு சூடுதான் வெளியேற முடியும் என்று கணக்கிட்டிருந்தார்கள். கருவிகளை வைத்து அளந்தபோதோ, உண்மையில் வெளியேறிய சூடு கணக்கைப்போல் பன்மடங்காக இருந்தது. ஜான் பேயா, கௌதம் தத் ஆகிய ஆய்வாளர்கள் மச்சுக்குள் நுழைந்து தேடினர். பஞ்சு இருந்த இடத்தில் பஞ்சு ஒழுங்காகவே வேலை செய்தது. ஆனால் சூடு பஞ்சின் வழியே போகவில்லை. பஞ்சைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது! நிலவறை உலையின் புகைக்குழாய் மேலே செல்வதற்கென விட்ட பொந்து, நிலவறையிலிருந்து மச்சு வரைக்கும் மூடப்படாமல் திறந்தே கிடந்தது. அடுத்த வீட்டோடு பொதுவாக நின்ற சுவரோ, உள்ளே துளையுள்ள கற்களால் கட்டப்பட்டது. அத்துளைகளும் சூட்டுக்கு வழிவிட்டன. முன்வாசலை இரும்புத் தாழால் அடைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்ட கதைதான்.

சூடான காற்று இலேசானது, மேலே ஏறும். வீட்டின் உச்சியில் ஓட்டை இருந்தால் அதன் வழியே வெளியேறும். வெளியேறிய காற்றின் இடத்தை நிரப்பக் கீழேயுள்ள இடுக்குகளின் வழியே குளிர்காற்று உள்ளே புகும். வீடு முழுவதுமே ஒரு புகைபோக்கியாகிவிடுகிறது. கூடத்தில் அமர்ந்திருப்பவருக்குக் காலடியில் சில்லென்று காற்று படும்போது, அவர் சன்னலைத்தான் குற்றஞ்சொல்வார். உண்மைக் குற்றவாளியோ அவர் தலைக்குமேல், ஒருவரும் ஏறிப் பார்க்காத மச்சில் இருக்கிறது. விற்பனைக்காரர்கள் அந்நாளில் வீடுவீடாகச் சென்று விலையுயர்ந்த இரட்டைக் கண்ணாடிச் சன்னல்களை விற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், அளந்து பார்ப்பதன் அருமை விளங்கும்.

ஓட்டைகளை அடைத்து, பஞ்சைக் கூட்டி, இன்னும் சில எளிய திருத்தங்களைச் செய்தபோது வீட்டைச் சூடாக்கும் செலவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஃபிராங்க் சிண்டன் என்பவர் ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, செய்யக்கூடிய திருத்தங்கள் அனைத்தையும் செய்து பார்த்தார். அங்கே செலவு மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. இந்த ஆய்வுகளெல்லாம் 1978ஆம் ஆண்டில் நூலாகவும் வெளிவந்தன.

நம்மைப் போன்ற வெப்ப நாட்டவர் நினைவிற் கொள்ளத்தக்க ஆய்வு ஒன்றும் அதே குடியிருப்பில் நடந்தது. கோடைக் காலத்தில் மாலை நேரத்தில் வெளியே காற்று குளிர்ந்துவிடும். ஆனால் வீட்டுக்குள் இருப்பவர்க்கு அது தெரியாது. குளிரூட்டி ஓடிக்கொண்டே இருக்கும். லாரன்ஸ் பெக்கர், கிளைவ் செலிக்மன் என்னும் உளவியலார் இருவர் சமையலறையில் ஒரு சிறு நீல விளக்கைப் பொருத்தினர். வெளிவெப்பம் 68 பாகை பாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியபின்னும் குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தால் அந்த விளக்கு விட்டுவிட்டு மின்னும். குளிரூட்டியை நிறுத்திச் சன்னலைத் திறந்தால்தான் அது ஓயும். அவ்வளவே. அந்த விளக்கு இருந்த வீடுகளில் மின்செலவு ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. பொறியியல் திருத்தம் ஏதுமில்லை, பஞ்சு வைக்கவில்லை, சுவரைத் தொடவில்லை. தெரியாததைத் தெரியச் செய்தார்கள். வேறொரு சோதனையில், 20 விழுக்காடு குறைக்க முயலுங்கள் என்று ஓர் இலக்கைக் கொடுத்து, வாரத்தில் மூன்று நாள் அவரவர் செலவை அவரவர்க்குக் காட்டி வந்தனர். அவ்வீடுகளில் 13 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. இரண்டு விழுக்காடு போதும் என்று எளிய இலக்குக் கொடுக்கப்பட்டவர்களோ பெரிதாக ஒன்றும் குறைக்கவில்லை!

சிங்கப்பூரில் நமக்கு வீட்டைச் சூடாக்கும் தொல்லை இல்லை. சூட்டை வெளியேற்றும் தொல்லைதான். தேசியச் சுற்றுப்புற வாரியம் 2017ஆம் ஆண்டில் நடத்திய ஆய்வில், வீட்டு மின்செலவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குளிரூட்டிக்கே போவது தெரியவந்தது. குளிர்பதனப் பெட்டி 17 விழுக்காடும், சுடுநீர்க் கலம் 11 விழுக்காடும் எடுத்துக்கொண்டன. 2008ஆம் ஆண்டு முதல் குளிரூட்டிகளிலும் குளிர்பதனப் பெட்டிகளிலும் மின்செலவைக் காட்டும் சீட்டு ஒட்டப்பட வேண்டும் என்பது இங்குச் சட்டமாயிற்று. நம் கட்டணச் சீட்டிலும் நம்முடையதைப் போன்ற வீடுகளின் சராசரிச் செலவு அச்சாகி வருகிறது. இதனைப் பார்ப்பவர் எத்தனை பேர் என்பது வேறு செய்தி. அந்தச் சராசரிக்கு மேலே நம் வீடு நிற்குமாயின், ஒரு மாலை நேரத்தைச் செலவழித்து நாமே தணிக்கையைத் தொடங்கலாம். இரவு படுக்கும்முன் மீட்டரைக் குறித்துக்கொண்டு காலையில் மறுபடி பாருங்கள். எல்லோரும் உறங்கிய வேளையில், குளிரூட்டியும் போடாத இரவில், ஓடியது எவ்வளவு? ஆளில்லாமலே 60 வாட் சக்தி ஓயாது ஓடிக்கொண்டிருந்தால், நாளுக்கு 24 மணி, ஆண்டுக்கு 365 நாள் என்று பெருக்கிப் பாருங்கள்; 525 யூனிட்டுக்கு மேல் வரும். தொலைக்காட்சிப் பெட்டியின் சிவப்பு விளக்கு, பழைய குளிர்பதனப் பெட்டியின் தளர்ந்துபோன ரப்பர் விளிம்பு, அணைக்க மறந்த சுடுநீர்க் கலம் முதலியவை அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும்.

மீண்டும் பிரின்ஸ்டனுக்கு வருவோம். காற்று கசியும் இடத்தைக் கண்ணால் காண முடியாது. சுவீடன் நாட்டார் இதற்கு ஒரு வழி கண்டிருந்தனர். 1977ஆம் ஆண்டு அளவில் அவர்கள் சன்னலில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டின் காற்றை வெளியே இழுத்து, வீடு எவ்வளவு கசிகிறது என்று அளந்தனர். ஆக்கே புளூம்ஸ்டர்பெர்க் என்னும் சுவீடன் ஆய்வாளர் 1979இல் அந்த முறையைப் பிரின்ஸ்டனுக்குக் கொண்டுவந்தார். அங்கே விசிறி சன்னலிலிருந்து வாசற்கதவின் நிலைக்கு மாறியது. வாசலை அடைத்துப் பொருத்திய விசிறி வீட்டின் காற்றை வெளியே தள்ளும். உள்ளே காற்றழுத்தம் குறையும். வெளிக்காற்று கிடைத்த இடுக்குகளிலெல்லாம் உள்ளே சீறிக்கொண்டு வரும். 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் அளப்பது வழக்கமாயிற்று. மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் காற்று எல்லாப் பக்கமும் ஒரே வேளையில் வீட்டை மோதினால் எப்படியோ, அப்படிப்பட்ட நிலை அது. அந்நேரத்தில் புகை விடும் குழல் ஒன்றைக் கையில் ஏந்தி அறை அறையாக நடந்தால், கசிவு உள்ள இடத்தில் புகை ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். சூட்டையே படமாகக் காட்டும் அகச்சிவப்புப் படக்கருவியும் சேர்ந்துகொண்டபோது, மின்விசைப் பலகையின் பின்புறம், படிக்கட்டின் அடி, குளியலறைக் குழாய் நுழையும் துளை என்று யாரும் நினைத்துப் பாராத இடங்களெல்லாம் அகப்பட்டன.

இப்படிக் கருவிகளோடு வீட்டுக்கு வந்தவர்களைப் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் வீட்டு வைத்தியர் என்றே அழைத்தனர். பொருத்தமான பெயர். நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பவர் வைத்தியர் ஆகார். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த வைத்தியர் சீட்டு மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டுப் போகவில்லை. அடைப்பதற்கான பசையும் பஞ்சும் அவர் வண்டியிலேயே இருந்தன. கண்ட ஓட்டையை அன்றே, அந்த வருகையிலேயே அடைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

இதே காலத்தில் வாஷிங்டனில் அரசாங்கம் வேறு வழியில் சென்றுகொண்டிருந்தது. 1976-77 குளிர்காலம் கொடிதாக இருந்தது; எரிவாயுப் பற்றாக்குறையால் தொழிற்சாலைகளும் பள்ளிகளும் மூடப்பட்டன. 1977 பிப்ரவரி 2ஆம் நாள், புதிதாகப் பதவியேற்றிருந்த அதிபர் ஜிம்மி கார்ட்டர் கம்பளிச் சட்டை அணிந்தவராய்த் தொலைக்காட்சியில் தோன்றி, வீட்டைப் பகலில் 65 பாகைக்கும் இரவில் 55 பாகைக்கும் மேல் சூடாக்க வேண்டா என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். செல்சியசில் சொன்னால் அது 18 பாகையும் 13 பாகையும் ஆகும். மறு ஆண்டு நவம்பரில் தேசிய எரிசக்திச் சிக்கனக் கொள்கைச் சட்டம் கையொப்பமாயிற்று. பெரிய மின்சார, எரிவாயு நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர் வீடுகளுக்குத் தணிக்கை செய்து தர வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. வாடிக்கையாளரிடம் அதற்காக 15 வெள்ளிக்கு மேல் வாங்கலாகாது என்ற வரம்பும் இருந்தது.

திட்டம் நல்ல திட்டந்தான். ஆனால் கள்ளுக்கடைக்காரரையே மதுவிலக்குப் பிரசாரம் செய்யச் சொன்னாற்போல், மின்சாரம் விற்பவரையே மின்சாரம் குறைவாக வாங்குங்கள் என்று சொல்ல வைத்த திட்டம் அது. எல்லா நிறுவனங்களையும் ஒரே தராசில் வைத்தல் நேர்மையன்று. புதிய மின்நிலையம் கட்டும் செலவைவிட வாடிக்கையாளரின் வீட்டைச் சீர்செய்யும் செலவு குறைவு என்று உணர்ந்து உண்மையாகவே உழைத்த நிறுவனங்களும் இருந்தன. மற்றவை சட்டத்தை நிறைவேற்றினோம் என்று காட்டும் அளவுக்கே செய்தன. வந்த தணிக்கையாளர் பெரும்பாலும் விசிறியோடு வரவில்லை. கேள்விப் பட்டியலோடு வந்தார். சன்னல்களை எண்ணினார், பஞ்சின் தடிமனைக் குறித்தார், கணிப்பொறி அச்சிட்ட பரிந்துரைத் தாளைத் தந்தார், சென்றார். டுவின் ரிவர்ஸ் மச்சின் பொந்தை அத்தகைய தாள் ஒருநாளும் கண்டிருக்காது. தாளைப் பெற்றவரும் பணம் தேடி, வேலையாள் தேடி, அவரை நம்பலாமா என்று எண்ணிப் பார்த்து, கடைசியில் தாளை மேசையின் இழுப்பறையில் போட்டார். எதிர்பார்த்த அளவில் மக்கள் தணிக்கைக்கு முன்வரவுமில்லை. வாடகைக்கு இருப்பவரின் நிலை இன்னும் மோசம். கட்டணம் கட்டுபவர் அவர். மச்சைத் திருத்த வேண்டியவரோ வீட்டுக்காரர். வீட்டுக்காரருக்கு அதில் என்ன அக்கறை? 1980களின் இறுதியில் அந்தத் திட்டம் முடிவுக்கு வந்தது.

ஒரெகன் மாநிலத்தின் ஹூட் ரிவர் பகுதியில் 1983 முதல் 1985 வரை நடந்த சோதனை இதற்கு நேர்மாறானது. அங்கே தணிக்கையோடு திருத்த வேலையின் செலவில் பெரும்பகுதியையும் திட்டமே ஏற்றது. மின்சாரத்தால் சூடாக்கப்படும் வீடுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேற்பட்டவை தணிக்கைக்கு இணங்கின. ஒருவர் வீட்டில் வேலை நடப்பதைக் கண்டு அடுத்தவர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆனால் முடிவில் சேமிப்பு, தணிக்கையாளர் முன்கூட்டிச் சொன்னதில் பாதியைக்கூட எட்டவில்லை. கட்டணம் உயர்ந்துவிட்டதால் மக்கள் ஏற்கெனவே அடுப்பில் விறகெரித்தும், குளிரைப் பொறுத்தும் மின்சாரத்தைக் குறைத்திருந்தனர். தாளில் காணப்பட்ட வீடு வேறு. மனிதர் வாழ்ந்த வீடு வேறு.

ஆகவே, உண்மையில் எவ்வளவு மிச்சமாயிற்று என்பதைக் கட்டணச் சீட்டைக் கொண்டே கண்டறிய வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. அதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த ஆண்டுக் கட்டணம் குறைந்தது திருத்தத்தாலா, குளிர் குறைந்ததாலா? பிரின்ஸ்டனில் மார்கரெட் ஃபெல்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு முறை வகுத்து 1986இல் வெளியிட்டனர். ஒரு நாளின் சராசரி வெப்பம் 65 பாகைக்கு எத்தனை பாகை கீழே இருக்கிறதோ, அத்தனையும் அந்நாளின் குளிர்க்கணக்கு. 45 பாகையில் கழிந்த நாளுக்கு 20. எல்லா வீட்டுக்கும் 65 என்றே கொள்ளாமல், எந்தப் பாகைக்குக் கீழே அந்த வீட்டின் உலை எரியத் தொடங்குகிறது என்பதையும் அதன் கட்டணக் கணக்கிலிருந்தே கண்டுபிடிப்பது அவர்கள் முறையின் நயம். இவ்வாறு குளிர்க்கணக்கைக் கழித்துவிட்டால், பழைய குளிர்காலத்தையும் புதிய குளிர்காலத்தையும் ஒரே படியால் அளக்கலாம்.

இவ்வளவுக்கும் நடுவே எளியவர் நிலை என்ன? அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பம் தன் வருவாயில் எரிசக்திக்குச் செலவிடும் பங்கு, வசதியுள்ள குடும்பத்தினதைவிட மிகப் பெரிது. குளிர்காலத்தில் உலைக்குக் கொடுப்பதா, உலைக்குமேல் வைக்கும் பானைக்குக் கொடுப்பதா என்று தவித்த குடும்பங்கள் உண்டு. 1976 ஆகஸ்டில் அதிபர் ஃபோர்டு கையொப்பமிட்ட ஒரு சட்டத்தால் இக்குடும்பங்களின் வீடுகளைக் குளிர் தாங்கச் செய்யும் அரசாங்கத் திட்டம் தொடங்கியது. தொடக்க நாளில் சன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டுவதும் இடுக்கில் பசை பூசுவதுமாகவே அது நடந்தது. அடுத்த குளிர்காலத்துக்குள் தாள் கிழிந்துவிடும். நாளடைவில் பிரின்ஸ்டன் வைத்தியர்களின் விசிறியும் முறைகளும் இந்தத் திட்டத்துக்குள் வந்து சேர்ந்தன. 1989ஆம் ஆண்டில் சீர்செய்யப்பட்ட எரிவாயு வீடுகளை ஓக் ரிட்ஜ் ஆய்வகம் ஆராய்ந்தபோது, எரிவாயுச் செலவு ஏறத்தாழ 13 விழுக்காடு குறைந்திருந்தது. தணிக்கை முறை சீரடைந்த 1990களில் இந்த அளவு கூடியது.

ஆயினும் பழைய குறை முற்றும் தீர்ந்துவிடவில்லை. மிச்சிகன் மாநிலத்தில் ஏறத்தாழ 30,000 குடும்பங்களை வைத்து மெரிடித் ஃபவுலி, மைக்கேல் கிரீன்ஸ்டோன், கேத்தரின் வுல்ஃப்ரம் ஆகிய பொருளியலார் மூவர் நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. வேலைக்கு ஆன செலவு, கிடைத்த சேமிப்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு என்று அவர்கள் கண்டனர். தணிக்கைக் கணக்கு முன்கூட்டிச் சொன்ன சேமிப்போ, உண்மையில் கிடைத்ததைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். வீடு சீரானதும் மக்கள் சூட்டைக் கூட்டி வைத்துக்கொண்டார்கள், அதனால்தான் சேமிப்புக் குறைந்தது என்று சிலர் சொல்வர். ஆய்வாளர்கள் அதற்குச் சான்று காணவில்லை. அவர்கள் கணக்கில் கட்டணம் மட்டுமே எடைபோடப்பட்டது. காலடியில் குளிர்காற்று படாமல் ஒரு கிழவி உறங்கியதற்கு எந்தச் சீட்டிலும் தொகை எழுதுவதில்லை என்பதையும் நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் மிகுதியான சேமிப்பை வாக்களித்துவிட்டுக் குறைவாகக் கொடுக்கும் தணிக்கையாளரை வீட்டுக்காரர் இரண்டாம் முறை வாசலுக்குள் விடமாட்டார்.

ஒழுங்கான தணிக்கையாளர் இன்று எப்படி வேலை செய்கிறார்? முதலில் பன்னிரண்டு மாதக் கட்டணச் சீட்டுகளைக் கேட்டு வாங்குகிறார். எந்த மாதத்தில் செலவு எகிறுகிறது என்று பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். பிறகு குடும்பத்தாரிடம் பேச்சுக் கொடுக்கிறார். எந்த அறையில் குளிருகிறது, எந்த அறை பூட்டிக் கிடக்கிறது என்று கேட்டறிகிறார். அதன்பின்பே விசிறி வாசலுக்கு வருகிறது. மச்சுக்கும் நிலவறைக்கும் அவரே ஏறி இறங்குகிறார். வீட்டின் ஓட்டைகளை அடைத்துவிட்டால் உலைக்கு வேண்டிய காற்றும் குறையக்கூடும். புகை மேலே போகாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பி, மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு படுக்கையறைக்குப் பரவக்கூடும். ஆகையால் அடைக்கும் வேலை தொடங்குமுன் உலையையும் புகைக்குழாயையும் சோதிக்கிறார். வேலையாட்கள் பசையும் பஞ்சும் எடுத்துக்கொண்டு வெளியேறியபின் அதே விசிறியை மறுபடி வாசலில் பொருத்தி, முன்பு எடுத்த அளவுக்குப் பக்கத்திலேயே புதிய அளவையும் எழுதுகிறார். உலையை எரியவிட்டு, புகை மேல்நோக்கித்தான் போகிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கையொப்பமிடுகிறார்.